பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்காதே

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு பையன் இருக்கிறான். ஷார்ஜாவிலேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்து, இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பான். போன மாதம் கேட்டது இது:

"அண்ணா, ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல இந்த லாக்கிங் எல்லாம் எதுக்கு? கெர்னல் கோடு யார் எழுதப்போறாங்க? எல்லாம் கிளவுட்தானே. மிச்சத்தை ஏஐ எழுதிடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாத பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு கரக் டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க் பகுதியில் ஒரு விதி உண்டு: ஸ்பின்லாக்கைப் பிடித்திருப்பவன் தூங்கக் கூடாது. கணினி படிக்கும் யாரும் இதைத் தேர்வுக்காகப் படித்தால் போதாது. ஒருமுறையாவது அந்த விதியை உடைத்து, கெர்னல் திட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்ல, என் அப்பாவின் பேச்சிலர் ரூமிலிருந்து தொடங்குகிறேன்.

எட்டுப் பேர், ஒரு குளியலறை

அப்பா 1986-ல் பட்டுக்கோட்டையிலிருந்து துபாய் வந்தார். தேராவில் நைஃப் பக்கம் ஒரு ரூம். எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்கள், ஒரே குளியலறை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.

ஒருநாள் நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. வாளி நிறையட்டும் என்று இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். வெளியே ஐந்து பேர் துண்டும் சோப்புமாக நின்றார்கள். கதவைத் தட்டியும் பதில் இல்லை. பஸ் போய்விட்டது. ஐந்து பேருக்கும் அரை நாள் சம்பளம் போனது.

அதற்குப் பிறகு அந்த ரூமில் ஒரு சட்டம் வந்தது. சமையலறைக் குழாயில் வாளியை நிரப்பிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஷேவிங், துணி தேடுவது எல்லாம் வெளியே. தாழ்ப்பாள் போட்ட பிறகு எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

அந்த எட்டுப் பேரில் யாரும் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் கெர்னல் எழுதுகிறவர்கள் இன்றும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு அதுதான். பூட்டுவதற்கு முன்பே தேவையானதைத் தயார் செய்துகொள். பூட்டிய பிறகு வேலையை மட்டும் பார். உடனே வெளியே வா.

கெர்னலில் தூக்கம் என்றால்

கெர்னலில் தூங்குவது என்றால், "நான் கேட்டது வரும்வரை என்னை எழுப்பாதே, சிபியூவை வேறு யாருக்காவது கொடு" என்று ஒதுங்கிக்கொள்வது. டிஸ்க்கிலிருந்து தரவு வர வேண்டும், மெமரி காலியாக வேண்டும், இன்னொருவர் பூட்டை விட வேண்டும் என்றால் தூங்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் வேலை செய்வதற்கு அதுதான் வழி.

பூட்டுகளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். மியூட்டெக்ஸ் என்ற பூட்டுக்குக் காத்திருப்பவர், கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு "அவர் வெளியே வந்ததும் எழுப்பு" என்று சொல்லிவிடுவார். ஸ்பின்லாக்குக்குக் காத்திருப்பவர் கதவருகே நின்று கைப்பிடியை ஆட்டிக்கொண்டே இருப்பார். அவர் நிற்கும்வரை அந்த சிபியூ வேறு எதையும் செய்யாது. உள்ளே இருப்பவர் நொடியின் கோடியில் சில பங்குகளில் வந்துவிடுவார் என்றால் நிற்பதுதான் மலிவு. படுத்து எழுவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இப்போது ஸ்பின்லாக்கைப் பிடித்தவர் உள்ளே தூங்கினால் என்ன ஆகும்? கெர்னல் அவரை ஒதுக்கிவிட்டு, அதே சிபியூவில் இன்னொருவரை ஓட விடும். அந்த இன்னொருவர் அதே பூட்டைக் கேட்டால், நின்றுகொண்டே இருப்பார். அவர் சிபியூவை விட மாட்டார். அவர் விடாமல் உள்ளே இருப்பவர் எழ முடியாது. உள்ளே இருப்பவர் எழாமல் இவர் போக முடியாது. மெஷின் உறைந்துவிடும். மியூட்டெக்ஸில் இந்தச் சிக்கல் இல்லை. அதைப் பிடித்தவர் தூங்கலாம்.

நெட்வொர்க்கில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

காரணம் வேகம். 10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால், நொடிக்கு 1.48 கோடிக்கும் மேல். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோ நொடி. இந்த இடத்தில் யாரும் படுத்து எழ முடியாது.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். பாக்கெட் வந்ததும் நெட்வொர்க் கார்டு சிபியூவின் தோளைத் தட்டும். அதுதான் இன்டரப்ட். அந்த நேரத்தில் கெர்னல் மிகக் குறைவான வேலையை மட்டும் செய்துவிட்டு, மிச்சத்தை சாஃப்ட் ஐஆர்கியூ என்ற அடுத்த கட்டத்துக்குத் தள்ளும். அங்கேதான் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாக எடுக்கப்பட்டு மேலே அனுப்பப்படுகின்றன. பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்கென்று சொந்தமாக ஒரு ப்ராசஸ் கிடையாது. அந்த நொடியில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் முதுகில் ஏறி ஓடுகிறது. அது தூங்கினால் யாரைத் தூங்க வைக்கும்? சம்பந்தமே இல்லாத ஒருவரை. ஆகவே அங்கே தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதனால் இன்னொரு கண்ணியும் உண்டு. நீங்கள் சாதாரண ப்ராசஸில் ஓடும்போது ஒரு பூட்டைப் பிடிக்கிறீர்கள். அதே சிபியூவில் சாஃப்ட் ஐஆர்கியூ குறுக்கே வந்து அதே பூட்டைக் கேட்கிறது. நீங்கள் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை, ஆனாலும் மாட்டிக்கொண்டீர்கள். அது முடியாமல் நீங்கள் ஓட முடியாது. நீங்கள் ஓடாமல் பூட்டு கிடைக்காது. அதனால்தான் ஸ்பின் லாக் பிஹெச் என்று தனி வடிவம் இருக்கிறது. பூட்டைப் பிடிக்கும்போதே அந்த சிபியூவில் சாஃப்ட் ஐஆர்கியூவையும் நிறுத்தி வைக்கும்.

உண்மையான கண்ணி: மெமரி

வெளிப்படையாக "தூங்கு" என்று யாரும் பூட்டுக்குள் எழுத மாட்டார்கள். மாட்டிக்கொள்வது மெமரி கேட்கும் வரியில்.

கெர்னலில் மெமரி கேட்கும்போது எப்படிக் கேட்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். ஜிஎஃப்பி கெர்னல் என்று கேட்டால், "இல்லையென்றால் காத்திருக்கிறேன்" என்று பொருள். ஜிஎஃப்பி அட்டாமிக் என்று கேட்டால், "இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல், நிற்க முடியாது" என்று பொருள்.

மெமரி தாராளமாக இருக்கும் மெஷினில் முதல் வகைக் கோரிக்கையும் உடனே கிடைத்துவிடும். தூங்கவே தூங்காது. உங்கள் லேப்டாப்பில் ஆயிரம் முறை ஓட்டினாலும் தவறு வெளியே வராது. சின்ன மெமரி உள்ள பெட்டியில், கூட்டம் அதிகமான ஒரு இரவில், முதல் முறையாகத் தூங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

என் கதை

எனக்கு அப்போது 26 வயது. இந்தியாவில் முதுநிலைப் பொறியியல் முடித்துத் திரும்பி வந்து கிடைத்த முதல் வேலை. கிடங்குகளில் பார்கோடு ஸ்கேனர்களை சர்வரோடு இணைக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே லினக்ஸ், 256 எம்பி மெமரி. அதற்கான கெர்னல் மாட்யூலை எங்கள் குழுதான் பராமரித்தது. எத்தனை ஸ்கேனர்கள் சேர்ந்திருக்கின்றன என்ற அட்டவணையை நான் மாற்றி எழுதினேன். 32-க்கு மேல் போனால் அட்டவணை தானாகப் பெரிதாகும். பெரிதாக்க மெமரி கேட்டேன். பூட்டுக்குள் இருந்துகொண்டு, ஜிஎஃப்பி கெர்னல் என்று.

ஆபீசில் எங்களிடம் ஐந்தாறு ஸ்கேனர்கள்தான். ஒருநாள் வேறொரு சோதனைக்காக நாற்பது ஸ்கேனர்களைக் கொண்டுவந்தார்கள். என் டீபக் கெர்னல் திரையில் ஒரு எச்சரிக்கையைக் கொட்டியது: தூங்கக்கூடிய ஃபங்ஷன், தூங்கக் கூடாத இடத்திலிருந்து அழைக்கப்பட்டது. கீழே இருபது வரி. பெட்டி மட்டும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நான் ரீபூட் செய்தேன். நாற்பது ஸ்கேனர்களும் திரும்பிப் போய்விட்டன. ஐந்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். எச்சரிக்கை வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? புரொபேஷன் ஆறு மாதத்தில் அது ஐந்தாவது மாதம். அந்த வருடம்தான் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. என் வேலை உறுதியானதும் அம்மா அப்பா விசாவை என் ஸ்பான்சருக்கு மாற்றுவதாக வீட்டில் பேச்சு. இங்கே வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "ஒரு சின்ன வார்னிங், அதுவும் திரும்ப வரவில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து நவம்பர் மாதத் தள்ளுபடி விற்பனை. ஜெபல் அலி பக்கம் ஒரு கிடங்கில் தற்காலிக ஆட்களைக் கூட்டினார்கள். ஸ்கேனர்கள் 32-ஐத் தாண்டின. இரவு பதினொரு மணிக்குப் பெட்டி உறைந்தது. அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், மறுபடி உறையும். காலை ஆறு வரை ஸ்கேனர் இல்லாமல் அவர்கள் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பேனாவால் எழுதினார்கள்.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர். கண் சிவந்திருந்தது. கோபப்படவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, இது இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இல்லண்ணே."

மெமரி கேட்கும் வரியைப் பூட்டுக்கு மேலே நகர்த்தி, உள்ளே சரிபார்க்க இரண்டு வரி சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்தது. வாளியைச் சமையலறையில் நிரப்பிக்கொண்டு உள்ளே போவது போலத்தான். ஒரு மணி நேர வேலை. அந்த "இல்லண்ணே"தான் தீரவில்லை. இரண்டு நாள் கழித்து மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். நல்ல திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. ஆனால் அதற்குள் சரக்கு தாமதமானதற்காக அந்த அண்ணனுக்கு ஒரு வார்னிங் லெட்டர் கொடுத்திருந்தார்கள். தவறு எங்களுடையது என்று எங்கள் பக்கத்திலிருந்து எழுதி அனுப்பினோம். அடுத்த முறை நான் போனபோது அவரை வேறு சைட்டுக்கு மாற்றியிருந்தார்கள். நேரில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

தூங்கினதற்கு அல்ல, தூங்கக்கூடும் என்பதற்கே

அந்த எச்சரிக்கையைப் பற்றி எனக்குப் பிறகுதான் புரிந்தது. கெர்னலில் மைட் ஸ்லீப் என்று ஒரு சோதனை இருக்கிறது. தூங்கக்கூடிய ஃபங்ஷன்களின் வாசலில் அது உட்கார்ந்திருக்கும். டீபக் வசதியை இயக்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் அது கேட்பது, "நீ இப்போது தூங்கினாயா?" என்று அல்ல. "தூங்க நேர்ந்தால், நீ நிற்கும் இடம் அதற்கு ஏற்றதுதானா?" என்று. மெமரி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கேட்கும். விபத்து நடந்த பிறகு வரும் போலீஸ் மாதிரி இல்லை இது.

2006-ல் வந்த லாக்டெப் என்ற கருவியும் இப்படித்தான். இங்கோ மோல்னாரும் அர்யன் வான் டி வென்னும் அதைக் கொண்டுவந்தார்கள். ஒரு இடத்தில் முதல் பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைப் பிடிக்கிறீர்கள். வேறொரு நாள், வேறொரு இடத்தில், இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் டெட்லாக். லாக்டெப் அதுவரை காத்திருக்காது. இரண்டு வரிசைகளையும் தனித்தனியாகப் பார்த்ததுமே, "இது ஒருநாள் வட்டமாகும்" என்று சொல்லிவிடும்.

"இதுவரை ஒண்ணும் ஆகலையே" என்பது நம் வீடுகளிலும் ஆபீசுகளிலும் பெரிய வாதம். கெர்னல் எழுதுகிறவர்கள் அந்த வாதத்தை ஏற்பதில்லை. இதை நான் மதிக்கிறேன்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. அவசரம் குறைந்த ஒரு வேலை பூட்டைப் பிடித்திருந்தது. நடுத்தர வேலைகள் அதை ஓட விடவில்லை. அந்தப் பூட்டுக்காக மிக அவசரமான வேலை காத்துக் கிடந்தது. தரையிறங்குவதற்கு முன்பே அந்த ரீசெட் பொறியாளர்கள் கண்ணில் பட்டிருந்தது. திரும்ப வரவழைக்கப் பார்த்தபோது வரவில்லை. நான் செய்ததற்கும் அவர்கள் செய்ததற்கும் வித்தியாசம் உண்டு. அவர்கள் கண்காணிப்புக் கருவிகளை மென்பொருளிலேயே விட்டு வைத்திருந்தார்கள். பூமியில் இருந்த இரட்டை மெஷினில் அதை வரவழைத்துப் பார்த்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார்கள்.

நிற்காமல் வேலை செய்யும் வழிகள்

தடை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்தத் தடையால் நெட்வொர்க் கோடில் அழகான வழிகள் பிறந்திருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சாக்கெட் பூட்டு. உங்கள் புரோகிராம் ஒரு சாக்கெட்டைப் பயன்படுத்தும்போது அதைத் தனதாக்கிக்கொள்கிறது. அப்போது தூங்கவும் செய்யலாம். அந்த நேரத்தில் அதே சாக்கெட்டுக்கு பாக்கெட் வந்தால்? சாஃப்ட் ஐஆர்கியூ நின்று காத்திருக்க முடியாதே. அது பாக்கெட்டைப் பேக்லாக் என்ற வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடும். புரோகிராம் சாக்கெட்டை விடும்போது அந்த வரிசையைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் விடும். நம் கட்டடங்களில் டெலிவரிக்காரர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல், கீழே நாத்தூரிடம் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அதேதான்.

இரண்டாவது, யுஎஸ்பி வழியாக ஓடும் நெட்வொர்க் கார்டுகள். எந்தெந்த மல்டிகாஸ்ட் முகவரிகளைக் கேட்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லும் ஃபங்ஷனை, கெர்னல் ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அழைக்கும். ஆனால் யுஎஸ்பியில் ஒரு கட்டளை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது என்றால் தூங்கியாக வேண்டும். எனவே எஸ்எம்எஸ்சி 95எக்ஸ்எக்ஸ் டிரைவர் கட்டளையை அனுப்பிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் திரும்பிவிடுகிறது. அதன் தம்பியான 75எக்ஸ்எக்ஸ் டிரைவர், வேலையைக் குறித்து வைத்துவிட்டு, தூங்க அனுமதி உள்ள இன்னொரு த்ரெட் பிறகு செய்யட்டும் என்று விடுகிறது. உங்களிடம் ராஸ்பெர்ரி பை 3 மாடல் பி இருந்தால், அதன் ஈதர்நெட் இந்த முதல் டிரைவரில்தான் ஓடுகிறது. கோடைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, ஆர்சியூ. கெர்னலில் அதன் மூலக் கோப்பு ஒன்றின் தலைப்பில் 2001 என்ற ஆண்டும், முதல் ஆசிரியராக ஐபிஎம் இந்தியாவின் தீபாங்கர் சர்மா பெயரும் இருக்கின்றன. பால் மெக்கென்னியோடு சேர்ந்து அவர் உழைத்த இந்த முறை 2002-ல் கெர்னலில் சேர்ந்தது. ரூட்டிங் அட்டவணையைப் படிப்பவர் எந்தப் பூட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். மாற்றுபவர் புதிய பிரதி எழுதி, சுட்டியைத் திருப்பிவிட்டு, பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருந்த எல்லோரும் போன பிறகுதான் அதை அழிக்க வேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள் என்று எப்படித் தெரியும்? படிப்பவர் நடுவில் தூங்கக் கூடாது என்பதுதான் விதியாயிற்றே! ஆக, ஒரு சிபியூ வேறு வேலைக்கு மாறிவிட்டது என்றால், அதில் படித்துக்கொண்டிருந்தவர் முடித்துவிட்டார் என்று பொருள். முதல் வடிவம் இந்த ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது. நீங்கள் விதியைக் காப்பாற்றுகிறீர்கள் என்று நம்பித்தான் இன்னொருவர் மெமரியை அழிக்கிறார்.

விதிகள் அப்படியே உறைந்து கிடப்பதும் இல்லை. 1996-ல் லினக்ஸ் 2.0-ல் மொத்தக் கெர்னலுக்கும் ஒரே பெரிய பூட்டாக இருந்தது 2011-ல் முற்றிலும் நீக்கப்பட்டது. 2024-ல் வந்த 6.12 பதிப்பிலிருந்து, ரியல் டைம் கெர்னலில் சாதாரண ஸ்பின்லாக்கைப் பிடித்தவரையும் கெர்னல் நடுவில் ஒதுக்கிவிட்டு வேறொருவரை ஓட விடலாம். ஆனால் அதே டிரைவர் கோடு சாதாரணக் கெர்னலிலும் ஓட வேண்டும் என்பதால், எழுதுகிறவருக்குப் பழைய ஒழுங்கு இன்னும் தேவை.

"நான் கெர்னல் எழுதப்போவதில்லையே"

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

நீ எழுதப்போவது ஒரு பேமென்ட் ஆப் என்று வைத்துக்கொள். டேட்டாபேஸில் ட்ரான்சாக்ஷனைத் திறந்து, வாடிக்கையாளரின் கணக்கு வரியைப் பூட்டுகிறாய். பூட்டிய கையோடு எஸ்எம்எஸ் சேவையை அழைத்துப் பதிலுக்குக் காத்திருக்கிறாய். சாதாரண நாளில் கால் நொடி. ஒருநாள் எஸ்எம்எஸ் சேவை முப்பது நொடி இழுக்கிறது. அதே வரியைக் கேட்பவர்கள் எல்லாம் கதவுக்கு வெளியே. அடுத்தடுத்து வருபவர்களால் கனெக்ஷன்கள் தீர்கின்றன. ஆப் உறைகிறது. நைஃப் குளியலறையேதான். ஈவன்ட் லூப்பில் ஓடும் சர்வரில், நடுவே ஒரு நீண்ட காத்திருப்பை எழுதுவதும் இதே தவறு. அங்கே இருப்பது ஒரே ஆள். அவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள். நான் கன்சல்டன்டாகப் போகும் இடங்களில் அதிகம் பார்ப்பது இந்த இரண்டையும்தான். உள்ளே கெர்னல் வரி ஒன்றுகூடக் கிடையாது.

ஏஐ எழுதிவிடுமே என்கிறாய். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் தூக்கம் என்பது ஒரு வரியின் குணம் அல்ல. மெமரி கேட்கும் அதே வரி ஓரிடத்தில் சரி, இன்னோரிடத்தில் கொலை. உன்னை அழைத்தவர் யார், அவரை அழைத்தவர் யார், அவர்களில் யார் கையில் பூட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது அந்த ஃபங்ஷனில் எழுதியிருக்காது. நாலு கோப்பு தள்ளி இருக்கும். யார் எழுதினாலும், நீ இதைக் கேட்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டுமென்றால் ஒருமுறையாவது அடிபட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் கிடங்கில் அடிபடுவதைவிட உன் அறையில் அடிபடு.

செய்து பாருங்கள்

ஒரு வர்ச்சுவல் மெஷின் போதும். உங்கள் லேப்டாப்பில் நேரடியாகச் செய்யாதீர்கள். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது டீபக் அட்டாமிக் ஸ்லீப், ப்ரூவ் லாக்கிங் என்ற இரண்டு வசதிகளையும் இயக்குங்கள். முப்பது வரியில் ஒரு மாட்யூல். ஸ்பின்லாக்கைப் பிடியுங்கள், ஜிஎஃப்பி கெர்னல் என்று மெமரி கேளுங்கள், விடுங்கள். மெமரி கிடைக்கும். மெஷினும் உறையாது. ஆனால் லாகில் எச்சரிக்கை வந்திருக்கும். கீழிருந்து மேலாகப் படியுங்கள்: யார் யாரை அழைத்தார், கடைசியில் யார் மாட்டினார். பிறகு மெமரி கேட்கும் வரியைப் பூட்டுக்கு வெளியே நகர்த்துங்கள். எச்சரிக்கை போய்விடும். ஒரு வார இறுதிக்குப் போதுமான வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது கோடைப் பற்றியது இல்லை. உங்களில் பலர் சீக்கிரம் முதல் வேலைக்குப் போவீர்கள். புரொபேஷன் இருக்கும். விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும். வீட்டில் யாராவது உங்கள் சம்பளத்தை நம்பி இருப்பார்கள். திரையில் ஒரு எச்சரிக்கை வரும், திரும்ப வராது. அன்று மாலையே அதைக் காப்பி செய்து உங்கள் லீடுக்கு அனுப்புங்கள். "எனக்கு முழுசா புரியல, ஆனா இது வந்தது" என்று ஒரு வரி போதும். எச்சரிக்கையைச் சொன்னவர் மேல் பழி போடும் ஆபீசும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டால் அது போய் விழுவது உங்கள் மேல் அல்ல. பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவர் விடிய விடியப் பேனாவால் எழுதிக்கொண்டிருப்பார். இதை மேனேஜர்களாக ஆகிவிட்ட என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: அந்த ஒரு வரி மெயில் வந்தால், முதலில் நன்றி சொல்லுங்கள்.

மூன்றாம் மாடித் தம்பி, சனிக்கிழமை மாலை லேப்டாப்போடு மேலே வா. அம்மா பஜ்ஜி போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு மெஷினை உறைய வைத்துப் பார்ப்போம்.